வல்தெல்லினா பள்ளத்தாக்குல லாரி சத்தம் கேக்காம சைக்கிள் ஓட்ட எந்த ரோடு?

ஆறாம்கியர்:
வணக்கம் மக்களே. நான் மிலான்ல இருக்கேன், ரெண்டு வருசமா ரோடு சைக்கிள் ஓட்டுறேன். செப்டம்பர் கடைசில நாலு நாள் லீவு, மனைவியும் நானும் வல்தெல்லினா போலாம்னு இருக்கோம். போன மாசம் நான் மட்டும் ஒரு நாள் ட்ரெயின்ல மொர்பெஞ்ஞோ வரைக்கும் போய் அங்க இருந்து சொந்த்ரியோவுக்கு மெயின் ரோட்டுலயே, அதான் எஸ்.எஸ்.38, அதுலயே ஓட்டிட்டேன். மேப் ஆப் அப்படித்தான் காட்டுச்சு, எனக்கு வேற வழி தெரியல. 25 கிலோமீட்டர்தான், ஆனா பாதி நேரம் வெள்ளக்கோட்டு மேலயே ஓட்டி, பின்னாடி லாரி வர்ற சத்தம் கேட்டு கேட்டு கையெல்லாம் விறைச்சுப்போச்சு. ஒரு லாரி முழங்கைக்கு ஒரு சாண் தூரத்துல போச்சு. மலையை நான் பாக்கவே இல்ல.

மனைவிக்கு இது முதல் டூர், அவங்களை அந்த ரோட்டுல கூட்டிட்டு போக மாட்டேன். எனக்கு உயரமான பாஸ் (மலைக்கணவாய்) ஏறணும்னு ஆசை இல்ல, அமைதியான தார் ரோடு வேணும், நடுவுல ஊர் வேணும், ஒரு நாளைக்கு 50-60 கிலோமீட்டர் போதும். 28 மி.மீ. டயர் போட்ட ரோடு பைக் ரெண்டு. எந்தப் பக்கம் தங்குறது, எந்த ரோடு எடுக்குறதுன்னு அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

நிலா_அம்மா:
கவலையே வேண்டாம் தம்பி, அந்தப் பள்ளத்தாக்குல ஆத்தோரமாவே சைக்கிள் பாதை போகுது, பேரு செந்தியெரோ வல்தெல்லினா. கோமோ ஏரிக்கரையில கோலிகோல ஆரம்பிச்சு அத்தா நதி கூடவே போர்மியோ வரைக்கும் 114 கிலோமீட்டர். நாங்க பையனை டிரெய்லர்ல உக்கார வச்சு கோலிகோ டூ தீரானோ ரெண்டு நாள்ல போனோம். கோலிகோ 200 மீட்டர் சில்லறை உயரம், தீரானோ 440, அதனால 75 கிலோமீட்டர்ல ஏறுறதே தெரியாது. தீரானோ தாண்டி போர்மியோ 1,225 மீட்டர், அந்தக் கடைசி 40 கிலோமீட்டர்தான் நெஜமா ஏத்தம்.

பெரும்பாலும் தார்தான், சில இடத்துல மட்டும் கொஞ்ச தூரம் கப்பி மண்ணு வரும், 28 டயர் தாங்கும். ஆப்பிள் தோட்டம், சோளக்காடு, பக்கத்துல ஆறு. முதல் டூருக்கு இதைவிட நல்லது எதுவும் இல்ல.

இன்னொண்ணு, கோலிகோல இருந்து கிழக்கால போங்க, எதிர்பக்கம் வேண்டாம். மத்தியானத்துக்கு மேல ஏரில இருந்து ப்ரேவான்னு ஒரு காத்து பள்ளத்தாக்குக்குள்ள அடிக்கும், அது முதுகுல இருந்தா சும்மா தள்ளிட்டுப் போகும். நாங்க திரும்பி வரும்போது மூணு மணிக்கு அதுக்கு எதிரா மிதிச்சு, டிரெய்லர் வேற, ரொம்ப கஷ்டப்பட்டோம்.

கொண்டையூசி48:
ஆத்தங்கரை பாதை நல்லதுதான் ஆனா ரோடு பைக் வச்சிருக்கறவங்க வல்தெல்லினா வரைக்கும் போய்ட்டு ஸ்டெல்வியோ பாஸ் ஏறாம வர்றது எனக்கு மனசு ஒப்பல ப்ரோ. போர்மியோல இருந்து 21.5 கிலோமீட்டர், 1,530 மீட்டர் ஏத்தம், சராசரி 7 பர்சென்ட். எதிர்பக்கம் ப்ராத்தோல இருந்து வர்றதுதான் அந்த 48 கொண்டை ஊசி. 1820ல இருந்து 1825க்குள்ள ஆஸ்திரிய பேரரசு காலத்துல கார்லோ தொனேகானிங்கற எஞ்சினியர் போட்ட ரோடு, 200 வருசம் ஆகியும் அதே வளைவுல நாம ஏறுறோம், அதை நெனச்சாலே எனக்கு புல்லரிக்கும்.

மாத்சோ ஊர்ல இருந்து மொர்திரோலோ பாஸும் இருக்கு. 12.4 கிலோமீட்டர்ல 1,300 மீட்டர், சராசரியே பத்து பர்சென்டுக்கு மேல. 1994 ஜீரோ தி இத்தாலியா சைக்கிள் பந்தயத்துல பந்தானிங்கற வீரர் எல்லாரையும் விட்டுட்டு போனது அங்கதான், வழில அவருக்கு சிலை வச்சிருக்காங்க. வண்டி ஒண்ணு ரெண்டுதான் வரும், அமைதின்னா அதுவும் அமைதிதான்.

ஆறாம்கியர்:
நன்றி அக்கா, நன்றி ப்ரோ. மொர்திரோலோ எங்களுக்கு இப்ப முடியாது. ஆத்தங்கரை பாதைல ஒரு சந்தேகம், நாலு நாளும் அதே பாதைல போனா பள்ளத்தாக்கோட அடியிலயே இருப்போமே, மேல இருந்து பாக்க வழி இருக்கா? அப்பறம் சனி ஞாயிறு கூட்டம் எப்படி?

கல்சுவர்:
இப்பத்தான் இந்த இழையைப் பாத்தேன். இது எனக்கு ரொம்ப நெருக்கமான இடம், ஆறு வருசமா திராட்சை அறுப்பு சமயத்துல போய்ட்டு வர்றேன், அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வல்தெல்லினா கிழக்கு மேற்கா கிடக்கு. அதனால வடக்குப் பக்க மலைச்சரிவு தெக்கு பாத்து நாளெல்லாம் வெயில் வாங்கும், தெக்குப் பக்கம் ஒரோபி மலை, அது நிழல். வெயில் சரிவுலதான் திராட்சை. சும்மா சரிவுல நட்டது இல்ல, சிமெண்டு இல்லாம கல்லை கல்லு மேல அடுக்கி படிப்படியா கட்டுன சுவர், எல்லாத்தையும் கூட்டுனா 2,500 கிலோமீட்டர் வரும்னு சொல்றாங்க. அப்படி கல்லுக் கட்டுற கலையையே 2018ல யுனெஸ்கோ பட்டியல்ல சேத்தாங்க. ஊரெல்லாம் அந்தப் படிகளுக்கு நடுவுல இருக்கு, கீழ ஆத்துல இல்ல, ஏன்னா அந்தக் காலத்துல பள்ளத்தாக்கு அடி சதுப்பு, வெள்ளம் வரும். ஆக பழைய ஊரை இணைக்கிற பழைய ரோடு நடுமலையில போகுது. பிறகு வந்த மெயின் ரோடும் ரயிலும் கீழ போயிருச்சு, லாரி எல்லாம் கீழதான். மேல் ரோட்டுல அந்தந்த ஊர்க்காரங்க கார், ஸ்கூல் பஸ், அறுப்பு நேரத்துல சின்ன டிராக்டர், அவ்வளவுதான். நீங்க தேடுற அமைதி அந்த 200 மீட்டர் 300 மீட்டர் மேலதான் இருக்கு. ஆத்துல இல்ல, பாஸ்லயும் இல்ல.

உங்களுக்கு நான் சொல்ற முதல் ரோடு சொந்த்ரியோ டூ தேல்யோ. சொந்த்ரியோல இருந்து மொந்தாஞா ஏறுங்க, அங்க க்ருமெல்லோ கோட்டை இடிஞ்சு நிக்கும், அப்பறம் பொஜ்ஜிரிதெந்தி, ட்ரெசீவியோ, போந்தே, கியூரோவுக்கு மேல காஸ்தியோனெத்தோ, கடைசில தேல்யோ. பானொராமிகா தெய் காஸ்தெல்லினு போர்டு போட்டிருப்பாங்க, கோட்டைகளைப் பாத்துட்டே போற ரோடுன்னு அர்த்தம். 20 கிலோமீட்டருக்கு கொஞ்சம் மேல வரும். சொந்த்ரியோ 300 மீட்டர், தேல்யோ 850, நடுவுல இறங்கி இறங்கி ஏறும், ஆனா எங்கயும் ஆளைக் கொல்ற ஏத்தம் கிடையாது. ட்ரெசீவியோல ஒரு பெரிய மாதா கோயில் பாறை மேல நிக்கும், அரை மணி நேரம் அதையே பாத்துட்டு ஓட்டுவீங்க, திடீர்னு அது உங்களுக்கு பின்னாடி போயிருக்கும். பொஜ்ஜிரிதெந்திக்கும் ட்ரெசீவியோவுக்கும் நடுவுல இருக்கற திராட்சை தோட்டத்துக்கு பேரு இன்ஃபெர்னோ, நரகம். கல்லு வெயிலை அப்படி வாங்கி வச்சுக்கும், செப்டம்பர்ல சாயங்காலம் ஆறு மணிக்கு ஓட்டுனாலும் சுவத்துப் பக்கம் கன்னத்துல சூடு அடிக்கும்.

போந்தேல கண்டிப்பா நில்லுங்க. 1801 ஜனவரி 1ந்தேதி செரெஸ்னு முதல் சிறுகோளைக் கண்டுபிடிச்ச ஜியுசெப்பே பியாட்சி பொறந்த ஊர் அது. சதுக்கத்துல தண்ணி ரொப்பிக்கிட்டு பத்து நிமிசம் உக்காந்துட்டுப் போங்க.

தேல்யோ பேருல இருந்துதான் வல்தெல்லினாங்கற பேரே வந்துச்சும்பாங்க. பிட்சோக்கேரி அந்த ஊர் சமையல். பக்வீட்ங்கற தானிய மாவுல செய்ற பட்டைப் பட்டையான நூடுல்ஸ், உருளைக்கிழங்கு, கோசு, அந்த ஊர் காசேரா சீஸ், பூண்டு தாளிச்ச வெண்ணெய். சாப்பிட்டா அன்னிக்கு ஏத்தம் ஏற முடியாது, அதனால ஏறி முடிச்சிட்டு சாப்பிடுங்க, அங்க இருந்து த்ரெசெந்தாவுக்கு வளைஞ்சு வளைஞ்சு இறக்கம்தான், கீழ அக்கா சொன்ன ஆத்துப் பாதை கிடைச்சிரும், சொந்த்ரியோவுக்கு அதுலயே திரும்பிடலாம். மேல போய் கீழ வர்ற இந்த ஒரு சுத்து போதும், நாலு நாள்ல ரெண்டு தடவை போனாலும் சலிக்காது, காலைல ஒரு தடவை சாயங்காலம் ஒரு தடவை போய்ப் பாருங்க.

ரெண்டாவது, மொர்பெஞ்ஞோவுக்கு எதிர்ல கோஸ்தியேரா தெய் செக். அதை விட்டுட்டு நேரா சொந்த்ரியோ போயிடாதீங்க. கான்தா பாலத்துல, பழைய கல்பாலம், அத்தாவைத் தாண்டி த்ராவோனா போய் மெல்லோ, சீவோ, தாட்சியோன்னு ஏறி இறங்கி வரலாம். ஆத்துல இருந்து 400 மீட்டர் ஏறுனா ஒரு பக்கம் கோமோ ஏரி முனை பளபளன்னு தெரியும். நான் ஒரு வியாழக்கிழமை காலைல ஓட்டினப்போ ரெண்டு மணி நேரத்துல பத்து கார்கூட என்னைத் தாண்டல.

நிலா_அம்மா:
அருமையா எழுதிருக்கீங்க. ஆனா ஒண்ணு சொல்லணும். முதல் டூர் வர்ற பொண்ணுக்கு முதல் நாளே 550 மீட்டர் உயரத்துக்கு ஏத்தம் வேண்டாமே. ஆத்துல அமைதி இல்லைன்னு நீங்க எழுதுனது எனக்கு சரியாப் படல. ஆத்துப் பாதைல காரே கிடையாது, மேல் ரோட்டுல கம்மியா இருந்தாலும் கார் உண்டு, வளைவு குறுகல், கண்ணாடி வச்சிருப்பாங்க ஆனா வேகமா வர்ற உள்ளூர்க்காரர் கண்ணாடி பாப்பாரா?

கல்சுவர்:
அக்கா நீங்க சொல்றது நியாயம், அந்த வரியை அப்படி ஒரேயடியா எழுதிருக்கக் கூடாது. கார் இல்லாதது வேணும்னா ஆத்துப் பாதைதான். நான் சொன்னது, ஆத்துப் பாதை பல இடத்துல ரயில், மெயின் ரோடு, ஃபேக்டரி ஷெட் பக்கத்துலயே போகுது, சொந்த்ரியோ சுத்தி சத்தம் காதுல விழும். ஞாயித்துக்கிழமை நாய், குழந்தை, ஸ்கேட்டிங்னு நிறைய பேரு, 25 கிலோமீட்டர் வேகத்துல ஓட்ட முடியாது, ஓட்டவும் கூடாது. அதனால ஞாயிறு மேல, வார நாள்ல கீழன்னு வச்சுக்கலாம். வளைவுல ஹாரன் அடிச்சா கோவப்படாதீங்க, அங்க வளைவுக்கு முன்னாடி ஹாரன் அடிக்கறது பழைய மலைரோட்டு பழக்கம். முதல் நாள் மொர்பெஞ்ஞோ டூ சொந்த்ரியோ ஆத்துப் பாதை, ரெண்டாம் நாள் பானொராமிகா, இப்படிப் போனா அவங்களுக்கும் பழகும்.

இன்னொரு வழியும் இருக்கு, தெக்குச் சரிவு. சொந்த்ரியோக்கு எதிர்ல அல்போசாஜ்ஜா, ஃபாஎதோ, பியாதேதா. அங்க திராட்சை இல்ல, செஸ்ட்நட் காடு. ஆகஸ்ட் வெயில்ல அதுதான் தப்பிக்கிற வழி, செப்டம்பர் கடைசில அங்க குளிரும்.

பனிமலைப்பெடியன்:
நான் இருக்கிறது சுவிஸில, கிராவ்புண்டன் பக்கம். வருசத்தில ஒருக்காலாவது பெர்னினா பாஸால தீரானோவுக்கு இறங்குவன். அண்ணை, நீங்கள் கேட்ட மாதிரி உயரம் ஏறாமல் மேல இருந்து பாக்க எண்டால் ஒரு வழி இருக்கு. தீரானோவில சுவிஸுக்குப் போற சிவப்பு ரெயினில சைக்கிளை ஏத்துங்கோ, சாதாரண ரீஜியோனல் ரெயின், பெர்னினா எக்ஸ்பிரசில சைக்கிள் எடுக்கமாட்டினம். ஒஸ்பிட்சியோ பெர்னினாவில இறங்கினால் 2,253 மீற்றர். அங்கையிருந்து பாஸ் 2,328, கொஞ்சம்தான் உழக்கோணும். பிறகு தீரானோ மட்டும் கிட்டத்தட்ட 1,900 மீற்றர் இறக்கம். வழியில புறூசியோவில ரெயின் தன்ரை பாதையையே ஒரு வட்டம் சுத்தி இறங்கிற கல்பாலம் இருக்கு, நிண்டு பாருங்கோ. 2008இல யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமா அறிவிச்ச ரெயில்பாதை அது.

ஆனால் கவனம். பொஸ்கியாவோ பள்ளத்தாக்கில லே ப்ரேசே ஊருக்குள்ள தண்டவாளம் றோட்டிலயே ஓடுது, ட்ராம் மாதிரி. 28 ரயர் அந்தப் பள்ளத்துக்குள்ள போனால் விழுத்திப்போடும். எனக்கு ஒருக்கா முன் சில்லு மாட்டி முழங்கை உரசுப்பட்டது, மழை வேற. நேர்குத்தாக் கடவுங்கோ, இல்லாட்டி இறங்கி உருட்டுங்கோ. தீரானோவில மதோன்னா கோயிலுக்கு முன்னாலயும் தண்டவாளம் சதுக்கத்துக்குக் குறுக்கால போகுது. லே ப்ரேசே எண்டு இத்தாலிப் பக்கமும் சொந்தாலோவுக்குக் கிட்ட ஒரு ஊர் இருக்கு, மாறிப்போடாதேங்கோ.

பெர்னினா றோட்டு முழு அமைதி எண்டு சொல்லமாட்டன். சனி ஞாயிறில மோட்டார்சைக்கிள்காரர் கனபேர். செவ்வாய், புதன் விடியக்காலமை நல்லம்.

கொண்டையூசி48:
பனிமலை அண்ணா சொன்ன மாதிரி எல்லாமே நேரத்தைப் பொறுத்துதான். ஸ்டெல்வியோகூட செப்டம்பர் கடைசி வார நாள் காலைல ஆறரைக்கு கிளம்புனா ரெண்டு மணி நேரம் நீங்களும் மர்மோட்ங்கற மலை அணிலும்தான். பத்து மணிக்கு மேல பைக் சத்தம் ஆரம்பிச்சிரும். கோடையில சில காலை நேரங்கள்ல மோட்டார் வண்டியை நிறுத்திட்டு ஸ்டெல்வியோ, காவியா, மொர்திரோலோ மாதிரி பாஸ்களை சைக்கிளுக்கு மட்டும் விடுவாங்க. ஸ்டெல்வியோல அந்த நாள் பெரும்பாலும் ஆகஸ்ட் கடைசி செப்டம்பர் தொடக்கம். ஆனா அன்னிக்கு ஆயிரக்கணக்கான சைக்கிள் வரும், சத்தம் இல்லாத கூட்டம்.

போர்மியோ பக்கத்து குகைப்பாதைகள் குறுகல், இருட்டு, தண்ணி சொட்டும். லைட் இல்லாம போகாதீங்க. இத்தாலில டனலுக்குள்ள சைக்கிள்காரர் ஒளிரும் ஜாக்கெட் போடணும்னு சட்டமே இருக்கு.

போர்மியோ வரைக்கும் வர்றதா இருந்தா உங்களுக்கு ஏத்தது கன்கானோ ஏரி. 1,941 மீட்டர்ல ரெண்டு பழைய காவல் கோபுரம், தோர்ரி தி ஃப்ராஎலே. ரோடு கை விரலால வரைஞ்ச மாதிரி மலையில மடங்கி மடங்கி ஏறும், மேல போனா ரோடு எங்கயும் போகாது, ஏரிதான், அதனால கடந்து போற வண்டியே இல்ல. 2020 ஜீரோல ஸ்டெல்வியோ தாண்டி வந்து ஒரு ஸ்டேஜ் அங்கதான் முடிஞ்சுச்சு. 7 பர்சென்டுக்கு உள்ள, ஒம்பது கிலோமீட்டருக்கு உள்ள. சாவகாசமா ஏறலாம்.

ஆறாம்கியர்:
கன்கானோ படத்தைப் பாத்ததுமே மனைவி சரின்னு சொல்லிட்டாங்க. தீரானோல இருந்து போர்மியோ வரைக்கும் எப்படிப் போறது? மறுபடியும் எஸ்.எஸ்.38ல மாட்டிக்க பயமா இருக்கு.

கல்சுவர்:
அங்க பயம் வேண்டாம். சொந்தாலோ தாண்டி புது 38 பெரும்பாலும் டனலுக்குள்ள போயிருச்சு, லாரி எல்லாம் மலைக்குள்ள. வெளிய பழைய ரோடும் சைக்கிள் பாதையும் உங்களுக்கு. க்ரோசியோல பாறைச் செதுக்கல் பூங்கா இருக்கு, நேரம் இருந்தா போங்க.

லே ப்ரேசே தாண்டினதும் இடதுபக்க மலையைப் பாருங்க, ஒரு முழுச் சரிவே உரிச்செடுத்த மாதிரி வெளிறிக் கிடக்கும். வால் பொலா. 1987 ஜூலை 28 காலைல சுமார் 4 கோடி கன மீட்டர் பாறை சரிஞ்சு அத்தாவையே அடைச்சது, சாந்த் அந்தோனியோ மொரிஞ்ஞோனேங்கற ஊரே புதைஞ்சு போச்சு. மழையால முன்னாடியே அந்த ஊரைக் காலி பண்ணிட்டாங்க, ஆனா பக்கத்து அக்விலோனேக்கு அலை ஏறி வந்து ஆளைக் கொண்டுபோயிருச்சு. சைக்கிள் பாதை அந்தக் கல்லுக்குவியல் வழியாத்தான் போகுது. மரம் முளைச்சு மூடிருச்சு. நான் ஒவ்வொரு தடவையும் அங்க இறங்கி கொஞ்ச தூரம் நடந்துட்டுத்தான் ஏறுவேன்.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, கோலிகோ பக்கம் மொர்பெஞ்ஞோவைச் சுத்தி புது வேகச்சாலை வந்திருக்கு, அதுல சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. ஆப் அதை வழியாக் காட்டுனா நம்பாதீங்க, பச்சையோ நீலமோ பெரிய பெயர்ப்பலகை தொங்குற சாய்தளம் தெரிஞ்சா திரும்பிடுங்க. ரெண்டு, திராட்சை அறுப்பு நேரம், டிராக்டர்ல இருந்து விழுந்த பழம் வளைவுல நசுங்கிக் கிடக்கும், எண்ணெய் மாதிரி வழுக்கும். நெபியோலோ திராட்சை, அவங்க கியாவென்னாஸ்கான்னு சொல்றது, செப்டம்பர் கடைசில இருந்து அக்டோபர் வரைக்கும்.

நிலா_அம்மா:
சாப்பாட்டு விசயம் மறந்துடாதீங்க. சின்ன ஊர்க்கடை பன்னெண்டரைக்கு மூடுனா மூணு மூணரை வரைக்கும் திறக்காது. வாழைப்பழமும் ரொட்டியும் காலைலயே வாங்கி வச்சுக்கோங்க. குழாய்ல நோன் பொத்தாபிலேன்னு எழுதிருந்தா குடிக்காதீங்க, எழுதலைன்னா பெரும்பாலும் மலைத்தண்ணிதான். அப்பறம் ஷியாத்னு ஒண்ணு கேளுங்க, பக்வீட் மாவுல சீஸை முக்கிப் பொரிப்பாங்க, அவங்க பேச்சுல அதுக்கு தேரைன்னு அர்த்தமாம். ரெண்டு தட்டு போகும்.

ஆறாம்கியர்:
போயிட்டு வந்துட்டோம்! மூணு வாரம் கழிச்சு எழுதுறேன், மன்னிக்கணும்.

முதல் நாள் மொர்பெஞ்ஞோல இருந்து ஆத்துப் பாதை. மனைவி முதல் பத்து கிலோமீட்டர்ல பேசவே இல்ல, பயந்துட்டாங்களோன்னு நெனச்சேன், நின்னு கேட்டப்போ "ஆத்துச் சத்தம் கேக்குது, பேசாம வாங்க"ன்னாங்க. அக்கா சொன்ன ப்ரேவா காத்து ரெண்டரை மணிக்கு வந்துச்சு, கடிகாரம் மாதிரி.

ரெண்டாம் நாள் பானொராமிகா. கல்சுவர் அண்ணா, நீங்க எழுதுனது எல்லாம் சரி, ஒண்ணைத் தவிர. சொந்த்ரியோல இருந்து மொந்தாஞா ஏறுற முதல் ரெண்டு மூணு கிலோமீட்டர் காலைல ஏழே முக்காலுக்கு அமைதி இல்ல, வேலைக்கும் ஸ்கூலுக்கும் கீழ இறங்குற கார் வரிசையா வருது, எதிர்ப்பக்கம்தான் ஆனா ரோடு குறுகல். ஒம்பது மணிக்கு மேல கிளம்பிருந்தா அந்தத் தொல்லை இருந்திருக்காது. ட்ரெசீவியோ தாண்டினதும் நீங்க சொன்ன மாதிரியே. போந்தேக்கு முன்னாடி ஒரு சுவர் சரிஞ்சிருந்துச்சு, ரெண்டு பேர் மண்டி போட்டு கல்லைத் திருப்பித் திருப்பிப் பாத்து அடுக்கிட்டு இருந்தாங்க. ஒரு கல்லு பொருந்தாம அஞ்சு தடவை எடுத்து வச்சாங்க. நாங்க சைக்கிளைச் சாச்சு வச்சுட்டு அந்தக் கல்லு உக்கார்ற வரைக்கும் பாத்துட்டுத்தான் கிளம்பினோம்.

மூணாம் நாள் தீரானோ டூ போர்மியோ, ஒரே மூச்சுல முடியல, க்ரோசியோல மதியம் வரைக்கும் இருந்துட்டோம். வால் பொலாகிட்ட நாங்களும் நடந்தோம். நாலாம் நாள் கன்கானோ, கோபுரத்துகிட்ட மூணு டிகிரி, கையுறை எடுத்துட்டுப் போனது நல்லதாப் போச்சு. அங்க இருந்து தீரானோ வரைக்கும் இறங்கி ட்ரெயின். மிலானோ ட்ரெயின்ல சைக்கிள் இடம் குறைவு, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாங்க ஏறினப்பவே ரொம்பிருச்சு, அதுக்கப்பறம் சொந்த்ரியோல நின்னவங்க ரெண்டு பேர் ஏற முடியாம அடுத்த வண்டிக்கு நின்னாங்க. அதனால தீரானோலயே ஏறிடுங்க.

பனிமலைப்பெடியன்:
வாசிக்கச் சந்தோசமாக் கிடக்கு அண்ணை. அடுத்த முறை பெர்னினாவையும் ஒருக்கால் பாருங்கோ, நான் பொஸ்கியாவோவில வந்து நிப்பன்.

கல்சுவர்:
மொந்தாஞா ஏத்தத்துக்கு நேரம் பாத்து சொன்னதுக்கு நன்றி தம்பி, நான் எப்பவும் பத்து மணிக்கு மேல கிளம்புற ஆளு, அதனால அது எனக்குத் தெரியவே இல்ல. அந்தச் சுவர் போந்தேக்கு எந்தப் பக்கம்? ரோட்டுக்கு மேலயா கீழயா? அடுத்த வாரம் போறேன், முடிச்சிட்டாங்களான்னு பாத்துட்டு வந்து எழுதுறேன்.

ஆறாம்கியர்:
ரோட்டுக்கு மேல அண்ணா. ட்ரெசீவியோல இருந்து வரும்போது இடது கைப்பக்கம், ஒரு குழாயடி தாண்டினதும்.